செவ்வாய்க்கிழமைக்காரர்கள்: வீடற்றோர் காப்பகத்துக்குப் போக நினைக்கும் சபை மக்களுக்கு

அசனம் என்கிற சபை விருந்துக்கு இரண்டாயிரம் பேருக்குச் சோறு பொங்கத் தெரிந்த சபை, நாற்பது பேருக்குச் சாப்பாடு கொடுக்கத் தெரியாமல் தலைகுனிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நாகர்கோவில். கிறிஸ்மஸுக்கு முந்தைய ஞாயிறு. ஆராதனை முடிந்த கையோடு 120 பிரியாணிப் பொட்டலம், ஒரு பெட்டி கேக், வாலிபர் சங்கத்தின் கிட்டார் சகிதமாக ஒரு வீடற்றோர் காப்பகத்தில் வேனில் போய் இறங்கினோம். உள்ளே இருந்தது 38 பேர். எங்களுக்கு முன்பே அன்று இரண்டு குழுக்கள் வந்து போயிருந்தன. மேலாளர் அம்மா முகம் சுளிக்கவில்லை. “வைங்க” என்று ஒரு மேசையைக் காட்டினார். அதில் ஏற்கெனவே எலுமிச்சைச் சாதமும் தக்காளிச் சாதமும் குவிந்து கிடந்தன. முந்தின இரவுதான் ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவரப்பட்ட ஒரு பெரியவர், பல நாள் பட்டினி கிடந்தவர், எங்கள் பிரியாணியை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். நாங்கள் மூன்றாவது பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது அவர் சுவரோரமாக உட்கார்ந்து அத்தனையையும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பாட்டை எந்த இடத்தில் நிறுத்துவது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

மீந்த பொட்டலங்கள் குப்பைக்குப் போயின. அந்த வாரம் புதன்கிழமை அங்கே ரசமும் சோறும் மட்டும்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அப்புறம்தான் முறையாகப் போகக் கற்றுக்கொண்டோம். இப்போது மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை போகிறோம். அங்கே எங்களுக்குச் சபைப் பெயர் கிடையாது, “செவ்வாக்கிழமைக்காரங்க” என்றுதான் பெயர். உங்கள் சபையிலும் யாராவது “நாமளும் ஏதாவது செய்யணும்” என்று ஆரம்பித்திருந்தால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் தப்புச் செய்து கற்றதை நீங்களும் தப்புச் செய்துதான் கற்க வேண்டும் என்றில்லை.

அந்த இடம் யாருடையது

போவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நகரத்துக் காப்பகம் யாரோ தர்மத்துக்கு நடத்துகிற மடம் இல்லை. வீடில்லாதவர்களுக்கு ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கும் தங்குமிடம் வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் இடம், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்பது அதன் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் நாகர்கோவிலின் மக்கள்தொகை 2,24,849. அப்படியென்றால் இருநூறு பேருக்காவது இந்த ஊரில் இடம் இருக்க வேண்டும். பெரும்பாலும் கட்டடம் மாநகராட்சியுடையதாக இருக்கும், நடத்துவது ஒரு தொண்டு நிறுவனமாக இருக்கும். மேலாளர் ஒருவர், முறை மாற்றி வேலை பார்க்கும் காப்பாளர்கள் சிலர்.

50 சதுர அடி என்றால் பத்தடிக்கு ஐந்தடி. ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, செருப்பு விட ஓர் இடம். ஒருவருடைய மொத்த வீடும் அதுதான். அந்த வீட்டுக்குள் இருபது பேராகக் கிட்டாரோடு போய் நின்றோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அங்கே இருப்பவர்களைப் பிச்சைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பாதிப் பேர் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். சந்தையில் சுமை இறக்குவது, ஹோட்டலில் பாத்திரம் தேய்ப்பது, கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பது. இன்னொரு விஷயம் நம் மாவட்டத்துக்கே உரியது: ரயில் முடிகிற ஊர் இது. அசாமில் திப்ருகரில் புறப்படும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கன்னியாகுமரியில்தான் நிற்கிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை, கடல்தான். எங்கே போகிறோம் என்று தெரியாமல் ரயிலேறியவர்கள் கடைசியில் இங்கே வந்து இறங்குகிறார்கள். மேற்கே திருவனந்தபுரத்தில் வேலை போனவர்கள் களியக்காவிளை தாண்டி இந்தப் பக்கம் வருகிறார்கள். எனவே நாற்பது பேர் இருக்கிற கூடத்தில் தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம் என்று நாலு மொழி கேட்கும்.

முதல் தடவை வெறுங்கையோடு போங்கள்

இதை எழுதும்போதே உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக் குரல் காதில் விழுகிறது: “வெறுங்கையோட எப்படிப் போறது?” போகலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். இரண்டு பேர் மட்டும், வேலை நாளில், மேலாளருக்கு முன்கூட்டியே போன் பண்ணிவிட்டு, பதினொரு மணிவாக்கில் போங்கள். காலைச் சந்தடி அப்போது அடங்கியிருக்கும்.

கேட்க வேண்டியவை: எத்தனை பேர் தங்குகிறார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர்? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுவோர் எத்தனை பேர்? இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? எந்த நாளில் சாப்பாடு அதிகமாகக் குவிகிறது, எந்த நாளில் ஒருவரும் வருவதில்லை? கடைசிக் கேள்விதான் முக்கியம். பிறந்தநாள், நினைவுநாள், ஞாயிறு, பண்டிகை எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. எங்களுக்குக் கிடைத்த பதில் “செவ்வாய்”. எங்கள் குழுவின் நாள் அப்படித்தான் முடிவானது. உங்கள் வசதியைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள்.

“உங்களுக்கு என்ன தேவை?” என்றும் கேளுங்கள். அரிசி, பருப்பு என்று சொல்வார்கள் என எதிர்பார்த்துப் போனோம். அந்த அம்மா சொன்ன பட்டியல் இது: பெரியவர்களுக்கான டயப்பர், பேன் சீப்பு, நகவெட்டி, தோர்த்து (துவட்டும் துண்டு), கொசுவத்தி, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கயிறு. யாரும் கொண்டுவராத பொருட்கள் இவைதானாம்.

காகித வேலையும் அன்றே முடித்துவிடுங்கள். ஆயரின் கையெழுத்தில் ஒரு கடிதம், வருகிறவர்களின் ஆதார் நகல், பொறுப்பாளர் ஒருவரின் போன் எண். சபைக் கமிட்டியில் ஒரு தீர்மானம் போட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. அடுத்த வருடம் கமிட்டி மாறும்போது வேலை நின்றுபோகாமல் இருக்க அது உதவும்.

யார் யார் போவது

ஒரு தடவைக்கு ஆறு பேர். அதற்கு மேல் வேண்டாம். இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். பெண்கள் தங்கும் பகுதிக்குள் ஆண்கள் போகக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளை ஞாயிறு பள்ளிச் சுற்றுலா மாதிரி அழைத்துப் போகாதீர்கள். அங்கே காட்சிப்பொருள் ஒன்றும் இல்லை.

மொழிக்கு ஆள் தேடுவது நீங்கள் நினைப்பதைவிட எளிது. நம் சபைகளில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள், கல்ஃபிலும் பம்பாயிலும் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, கூட்டத்தில் வாயே திறக்காத மாமா ஒருவர், எங்கள் குழுவில் இந்திக்கு வந்தார். ஒருநாள் ஒரு பீகார்க்காரரோடு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினார். என்ன பேசினீங்க என்று கேட்டால், “ஒண்ணுமில்லடே, ஜலந்தர்ல கோதுமை விலை” என்றார். மலையாளத்துக்குக் கேரள எல்லையில் இருக்கும் விளவங்கோடு பக்கத்து ஆட்கள் போதும். நர்ஸ் இல்லாத சபை நம் மாவட்டத்தில் இருக்கிறதா என்ன? ஒருவரைக் கெஞ்சியாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று தடவை புதிதாக வருகிறவருக்கு ஒரே வேலை: தண்ணீர் ஊற்றுவது, தட்டுக் கழுவுவது. ஆளைப் பழகவும் இடத்தைப் பழகவும் அதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று தடவை தட்டுக் கழுவியவர்கள் நான்காவது தடவை தானாக வருவார்கள். பேசுவதற்கென்று மட்டும் வந்தவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வாரமே நின்றுவிட்டார்கள்.

சாப்பாடு

பிரியாணியை மறந்துவிடுங்கள். எங்கள் செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல், ஒரு பழம். நாற்பது பேருக்கு நாலு கிலோ அரிசி, இரண்டு கிலோ பயறு. அரிசி பெரும்பாலும் பிடியரிசியில் வருகிறது. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்துக் காணிக்கையாகக் கொண்டுவரும் வழக்கம் எங்கள் பாட்டிமார்களோடு போய்விட்டது என்று நினைத்திருந்தோம். காப்பகத்துக்கு என்று சொன்னதும் பதினேழு வீட்டில் பானை திரும்ப வந்தது. ஒரே சிக்கல், பதினேழு வீட்டு அரிசியும் பதினேழு வகை. ஒன்று குழையும்போது இன்னொன்று கல்லாக நிற்கும். இப்போது சம்பாவைத் தனியாகவும் வெள்ளை அரிசியைத் தனியாகவும் வாங்கிக்கொள்கிறோம்.

கஞ்சிக்குக் காரணம் சிக்கனம் இல்லை. பட்டினி கிடந்து புதிதாக வந்த வயிற்றுக்கு எண்ணெயும் மசாலாவும் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாக, நீர்க்கக் கொடுத்துத்தான் பழக்க வேண்டும். மிகவும் மெலிந்து வந்தவர் என்றால் மருத்துவர் பார்த்த பிறகு அவர் சொல்கிற அளவில் கொடுப்பதே சரி. பாதிப் பேருக்குப் பல் கிடையாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கஞ்சித் தண்ணீரைக் குறைத்துப் பயறைக் கூட்டிப் போடுகிறோம். எங்கள் நர்ஸ் அக்கா சொன்ன ஏற்பாடு அது.

வடக்கிலிருந்து வந்தவர்கள் எங்கள் சம்பா அரிசியைப் பார்த்த முதல் நாள் முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. சிவப்பாக, தடியாக, என்னவோ போலத் தோன்றியிருக்க வேண்டும். மரியாதைக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார்கள். இப்போது பத்துப் பேருக்குச் சப்பாத்தி தனியாகப் போகிறது. வங்காளக்காரர்களுக்கு மீன் உயிர். மாதத்தில் ஒரு தடவை மீன்கறி கொண்டுபோகிறோம். அதற்குச் சாளை வேண்டாம், பல்லில்லாத பெரியவர் தொண்டையில் முள் சிக்கினால் இரவில் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். சூரை நல்லது, சதைதான் அதிகம்.

சமைத்த சாப்பாடு கை பொறுக்காத சூட்டிலேயே இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புக் கணக்கில் 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. சூடு ஆற விட்டால் நாலு மணி நேரத்துக்குள் பரிமாறி முடித்துவிடுங்கள். மத்தியானம் பன்னிரண்டுக்கு இறக்கி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, ராத்திரி ஏழு மணிக்குக் கொடுக்கும் சாம்பார் சாதம்தான் மறுநாள் காப்பகத்துக் கழிப்பறை வரிசைக்குக் காரணம். தேங்காய்த் துவையலை அங்கேயே போய் அரையுங்கள். மிக்ஸி ஒன்றைத் தூக்கிப் போவது ஒன்றும் பெரிய பாரமில்லை.

பொட்டலம் வேண்டாம், தட்டில் பரிமாறுங்கள். நீங்களும் அதே தட்டில், அதே வரிசையில் உட்கார்ந்து அதே கஞ்சியைக் குடியுங்கள். நின்றுகொண்டு கொடுப்பவர், உட்கார்ந்து வாங்குபவர் என்றிருந்த இடத்தில், இரண்டு பேரும் உட்கார்ந்தால்தான் பேச்சு வரும். பரிமாற அங்கிருப்பவர்களில் ஒருவர் முன்வந்தால் கரண்டியை உடனே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் காப்பகத்தில் ஒருவர், முன்பு கல்யாணச் சமையலுக்குப் போனவர், நாங்கள் துவையலுக்கு உப்புப் போடுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். அன்றிலிருந்து உப்பு அவர் பொறுப்பு.

எப்படிக் கூப்பிடுவது, என்ன பேசுவது

முறை வைத்துக் கூப்பிடுங்கள். பாட்டா, அண்ணாச்சி, அக்கா, அம்மா. வயதில் இளையவர் என்றாலும் எடுத்த எடுப்பில் “நீ” வேண்டாம். பெயர் தெரிந்தால் பெயரோடு முறையைச் சேர்த்துச் சொல்லுங்கள். பல வருடமாகத் தன் பெயரைப் பிறர் வாயில் கேட்காதவர்கள் உண்டு. வங்காளத்தில் அண்ணனுக்கு “தாதா”. எங்கள் வாலிபர் ஒருவர் ஒரு மெலிந்த மனிதரை “தாதா” என்று கூப்பிட, பக்கத்திலிருந்த தமிழ்க்காரர் நடுங்கிப்போய் இடம் மாறி உட்கார்ந்தார்.

“ஏன் வீட்டைவிட்டு வந்தீங்க?” என்று கேட்காதீர்கள். வருகிற ஒவ்வொரு குழுவும் அதைத்தான் கேட்கிறது. வாரத்துக்கு மூன்று தடவை தன் வாழ்க்கையிலேயே மோசமான நாளைப் பற்றி அந்நியரிடம் சொல்ல யாருக்குப் பிடிக்கும்? மழையைப் பற்றிப் பேசுங்கள். நமக்கு அதற்குப் பஞ்சமில்லை, ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. கூரையில்லாமல் இருந்தவர்களுக்கு மழையைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். எந்தக் கடைத் திண்ணையில் சாரல் அடிக்காது என்று ஒரு பாட்டா எனக்குக் கடைகடையாகச் சொன்னார். அவருடைய சொந்தக் கதை எட்டு மாதம் கழித்துத் தானாக வந்தது.

வாக்குக் கொடுக்காதீர்கள். இதைத்தான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் குழுவில் ஒருவர் நல்ல மனதில், “அண்ணாச்சி, உங்க ஊருக்கு நானே கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டார். அவருக்கு அது ஆறுதல் வார்த்தை. கேட்டவருக்கு அது தேதி. அடுத்த முறை போனபோது அந்த மனிதர் கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், தலை சீவி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, மடியில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தார். நாலு நாளாக அப்படித்தான் உட்காருகிறார் என்று காப்பாளர் சொன்னார். பைக்குள் ஒரு சாரம் (லுங்கி), ஒரு சோப்பு டப்பா, ஒரு பாக்கெட் பிஸ்கட். பிஸ்கட் யாருக்கு என்று கேட்டேன். “பேரப்பிள்ளைக்கு” என்றார். குடும்பத்தைத் தேடுவதும், அந்த ஊர்க் காவல் நிலையத்தோடு பேசுவதும், அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று பார்ப்பதும் காப்பகத்தாரின் வேலை. அவர்கள் கேட்டால் உதவுங்கள். நீங்களாக ஒன்றைச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். “அடுத்த செவ்வாய் வருவேன்” என்பது ஒன்றுதான் நாங்கள் இப்போது கொடுக்கும் வாக்கு. அதையும் காப்பாற்ற முடியாத வாரத்தில் திங்கட்கிழமையே போன் செய்து சொல்லிவிடுகிறோம்.

ஜெபம்

சபைக் குழு என்பதால் இதைச் சுற்றி வளைக்காமல் பேசிவிடலாம். ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு விலையாக வைக்காதீர்கள். தட்டை முன்னால் வைத்துவிட்டு இருபது நிமிடம் பிரசங்கம் செய்வதும் அதே விலைதான். துண்டுப்பிரதி கொண்டுபோக வேண்டாம். அது அரசுத் திட்டத்து இடம். எல்லா மதத்தவரும் தங்குகிறார்கள். 1982-இல் மண்டைக்காட்டில் மதக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. ஒரு வார்த்தையில் எது பற்றிக்கொள்ளும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் கிளம்பும் முன் சபை வளாகத்திலேயே ஜெபித்துவிட்டுப் போகிறோம். அங்கே யாராவது “எனக்காக ஜெபம் பண்ணு மக்களே” என்று கேட்டால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் செய்கிறோம். அப்படிக் கேட்டவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் அல்ல. அதை நாங்கள் அறிக்கையில் எழுதுவதில்லை.

மனநோய் உள்ளவர்களைப் பார்த்து “பிசாசு” என்ற சொல்லை எடுக்கவே கூடாது. விடுதலை ஜெபம் செய்துவிட்டு “இனி மாத்திரை வேண்டாம்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஆறு மாதமாகச் சரியாகிக்கொண்டு வந்தவர் மூன்று வாரத்தில் மறுபடி தெருவில் நிற்பார். திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தை வைத்து “ஊளம்பாறை கேஸ்” என்கிற நம் ஊர்க் கேலியையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஊளம்பாறையில் உண்மையிலேயே சிகிச்சை எடுத்துத் தேறியவர்கள் அந்தக் கூடத்திலேயே இருக்கக்கூடும். மனநோய் உள்ளவர் நடக்காத ஒன்றைச் சொன்னால், அது உண்மையில்லை என்று வாதாட வேண்டாம், ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் போதும்.

வழியில் அலைந்து திரிகிற ஒருவரைப் பார்த்தால் நீங்களே பிடித்து வேனில் ஏற்றிக் கொண்டுவராதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுக்கும் பொறுப்பைக் காவல் நிலையத்துக்குக் கொடுத்திருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் அவரைப் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காப்பகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கூட நில்லுங்கள்.

கால் நகம்

இது என்ன தலைப்பு என்று கேட்காதீர்கள், எங்கள் வேலையில் இதுதான் பெரிய பங்கு. வருடக்கணக்கில் செருப்பில்லாமல் நடந்த காலில் நகம் மாட்டுக் கொம்பு மாதிரி வளைந்து தடித்திருக்கும். சாதாரண நகவெட்டி பிடிக்காது. ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பத்துப் பதினைந்து நிமிடம் கால் ஊற வேண்டும். பெரிய நகவெட்டியால் ஓரத்திலிருந்து துளித்துளியாக வெட்ட வேண்டும். ஒரேயடியாக வெட்டினால் சதை கிழியும். ஒவ்வொருவருக்கும் பிறகு நகவெட்டியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். கையுறை கட்டாயம். சர்க்கரை நோயாளியின் காலை நர்ஸ் தவிர யாரும் தொடக் கூடாது. அங்கே ஒரு சின்னக் கீறல்கூட விரலை எடுக்கும் அளவுக்குப் போய்விடும். சர்க்கரை இருக்கிறதா என்று தெரியாவிட்டால், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை செய்தபோது என் கை நடுங்கியது. கால் கொடுத்திருந்தவர்தான் “மெதுவா, மெதுவா” என்று எனக்குத் தைரியம் சொன்னார். பெரிய வியாழனில் ஆயர் கால் கழுவும் சடங்கை அதுவரை முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். அதில் நகம் வெட்டியதில்லை.

துணி

பழைய துணி மூட்டை கட்டாதீர்கள். ஜிப் போன பேன்ட், பட்டுப் புடவை, கல்யாணக் கோட்டு எல்லாம் வரும். வேண்டியது சாரம், அரைக்கைச் சட்டை, நைட்டி, தோர்த்து, எட்டு ஒன்பது நம்பர் ரப்பர் செருப்பு. உள்ளாடை புதிதாகத்தான் வாங்க வேண்டும், இதில் பேச்சே இல்லை. மழைக்காலத்துக்கு முன், புரட்டாசியிலேயே போர்வை வாங்கிவிடுங்கள்.

அட்டையும் உதவித்தொகையும்

படித்த பிள்ளைகள் சபையில் இருந்தால் அவர்களுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். பொறுமை வேண்டும், பாட்டுப் பாடத் தெரிய வேண்டியதில்லை. முகவரி இல்லாதவருக்கு அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் கொடுக்கும் சான்றிதழை ஆதாருக்கு ஆவணமாக ஏற்கிறார்கள். சிலருக்கு ஆதார் முன்பே எடுத்திருக்கும், நினைவு இருக்காது. புதிதாக ரேகை வைத்து, “ஏற்கெனவே இருக்கிறது” என்று நிராகரிக்கப்பட்டு, அதன் வழியாகவே சொந்த ஊர் தெரிய வந்து குடும்பத்தோடு சேர்ந்தவர்கள் நாட்டில் பலர் உண்டு. நிராகரித்த சீட்டைக் கிழித்துப் போடாமல் காப்பகத்தாரிடம் கொடுங்கள்.

60 வயது கடந்த ஆதரவற்றவருக்கு முதியோர் உதவித்தொகை உண்டு, 2023 ஆகஸ்டில் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. காசநோய் மருந்து எடுப்பவருக்குச் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். அதற்குக் கணக்கு வேண்டும், கணக்குக்கு ஆதார் வேண்டும், அப்படியே சங்கிலி. வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேர்க்கலாம். வீடில்லாதவர் படிவத்தில் எழுதிய இடத்தில்தான் இரவு தூங்குகிறாரா என்று தேர்தல் ஊழியர் இரவில் வந்து பார்த்துவிட்டுப் பதிவு செய்வார். எங்கள் காப்பகத்தில் தேர்தலன்று விரல் மையைக் காட்டிக்கொண்டே ஒரு வாரம் திரிந்த அம்மச்சி ஒருவர் உண்டு. அந்த வாரம் அவர் பாத்திரம் கழுவவில்லை, மை போய்விடும் என்று.

உடனே கவனிக்க வேண்டியவை

குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், உளறல், இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு வந்தால் அது பிடிவாதம் இல்லை, உயிருக்கு ஆபத்து. காப்பாளரிடம் சொல்லி 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் குழந்தையைக் கண்டால் 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனம் தாளாதவர்களுக்கு 14416. இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதிக் குழுவில் எல்லோரும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் பணம் கொடுக்க வேண்டாம். சொந்தப் போன் எண் கொடுக்க வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். சபைப் பத்திரிகைக்குப் படம் கேட்பார்கள், கஞ்சிப் பானையைப் படம் எடுத்து அனுப்புங்கள். நாங்கள் அதைத்தான் செய்கிறோம், பானைக்கு ஆட்சேபணை இல்லை.

சாவும் வரும். நீங்கள் போகும் இடத்தில் ஒரு கட்டில் ஒருநாள் காலியாக இருக்கும். உறவினர் வராவிட்டால் காவல்துறையும் மாநகராட்சியும் பார்த்துக்கொள்வார்கள். நம்மால் முடிந்தது, எந்த முறையில் அடக்கம் வேண்டும் என்று அவர் உயிரோடு இருக்கும்போது யாரிடமாவது சொல்லியிருந்தால் அதைக் காப்பகத்தாரிடம் எடுத்துச் சொல்வது, பிறகு நாலு பேராகப் போய் நிற்பது. எங்கள் குழுவில் அதற்கென்று லீவு போடக்கூடிய மூன்று பேர் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம்.

முதல் செவ்வாய்க்கு, அல்லது உங்களுக்குக் கிடைத்த கிழமைக்கு, கொண்டுபோக வேண்டியவை: மூடியுள்ள பானை இரண்டு, ஒன்று சம்பாவுக்கு, இன்னொன்று சிலருக்குத் தனியாகச் செய்யும் நீர்க் கஞ்சிக்கு. ஐந்து லிட்டர் வெந்நீர். கரண்டி மூன்று. வருகைப்பதிவு நோட்டு. கையுறை ஒரு பெட்டி. எண்கள் எழுதிய அட்டை. தட்டு கொண்டுபோக வேண்டாம், அங்கேயே இருக்கிறது. தேய்க்கிற நாரை மட்டும் மறந்துவிடாதீர்கள். அங்கே உள்ளது எப்போதும் தேய்ந்துபோய்தான் இருக்கும்.